கண்டக்டர் ஏறிய படிகள்

லண்டன் மாடி பஸ்ஸில் இரண்டு பேருக்கு வேலை இருந்தது. டிரைவர் முன்னால் கூண்டு மாதிரியான ஒரு சின்ன இடத்தில் உட்கார்ந்து ஓட்டுவார். கண்டக்டர் கீழ்த்தளத்துக்கும் மேல்தளத்துக்குமாக அலைந்து டிக்கெட் கொடுப்பார். இருவருக்கும் ஒரே நிறுவனம், ஒரே டெப்போ, ஒரே மாதிரி சீருடை. வந்ததும் ஒரே மாதிரியான தொழிலாளர் குடும்பங்களிலிருந்துதான். ஆனால் டிரைவர் தன் வேலை நேரத்தில் சுமார் 90 சதவீதத்தை உட்கார்ந்தே கழித்தார். கண்டக்டர் ஒரு நாளில் 500 முதல் 750 படிகள் ஏறினார்.

இந்தப் படிகளை வேலைமெனக்கெட்டு எண்ணிய ஆட்கள் இருந்தார்கள். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்து, கண்டக்டர் எத்தனை தடவை மேலே போகிறார், எத்தனை நிமிடம் நிற்கிறார் என்று குறித்துக்கொண்டார்கள். இருபதாம் நூற்றாண்டு மருத்துவத்தின் பெரிய கண்டுபிடிப்புகளில் ஒன்று இப்படித்தான் கிடைத்தது. ஆய்வகம் கிடையாது, எலி கிடையாது. ஒரு பஸ், ஒரு மாடிப்படி.

‘உடற்பயிற்சி இதயத்துக்கு நல்லது’ என்ற வரி இன்றைக்கு வாட்ஸ்அப்பில் ரோஜாப்பூ படத்தோடு காலை ஆறு மணிக்கே வந்துவிடுகிறது. எப்போதும் எல்லோருக்கும் தெரிந்திருந்த விஷயம்போலத் தோன்றும். அப்படி இல்லை. 1940களில் மாரடைப்பு வந்தவரை வாரக்கணக்கில் படுக்கையில் போட்டுவைப்பதுதான் வழக்கம். நடுத்தர வயது ஆண்கள் திடீர் திடீரென்று நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்வது பணக்கார நாடுகளில் கூடிக்கொண்டே வந்தது. காரணம் யாருக்கும் தெரியாது. நவீன வாழ்க்கையின் டென்ஷன் என்றார்கள் சிலர். வேறு சிலர் சாப்பாட்டைச் சந்தேகப்பட்டார்கள். ஆள் எவ்வளவு நகர்கிறார் என்று பார்க்க யாருக்கும் பெரிதாகத் தோன்றவில்லை.

அதைப் பார்த்தவர் ஜெரி மாரிஸ். 1910இல் லிவர்பூலில் பிறந்து கிளாஸ்கோவில் வறுமையில் வளர்ந்தவர். போலந்திலிருந்து தப்பி வந்த யூதக் குடும்பம். மாரிஸ் என்ற பெயரே தங்களை ஏற்றிவந்த கப்பலின் கேப்டனிடமிருந்து குடும்பம் எடுத்துக்கொண்டதுதான். இரண்டாம் உலகப் போரில் ராணுவ மருத்துவராக இந்தியாவில் இருந்துவிட்டு ஊர் திரும்பினார். 1948இல் லண்டனில் மத்திய மிடில்செக்ஸ் மருத்துவமனையில் சமூக மருத்துவ ஆய்வுப் பிரிவு என்று ஒன்று தொடங்கப்பட்டது. அதன் பொறுப்பு மாரிஸுக்கு வந்தது. நோயை மனித உடம்புக்குள் மட்டும் தேடாமல் வேலை, கூலி, வீடு, தெரு என்று வெளியே தேடுவதுதான் அந்தப் பிரிவின் நோக்கம்.

மாரடைப்புக்கும் வேலைக்கும் தொடர்பு உண்டா என்று பார்க்க 35 முதல் 64 வயது வரையிலான சுமார் 31,000 லண்டன் போக்குவரத்து ஊழியர்களின் 1949, 1950ஆம் ஆண்டுப் பதிவுகளை எடுத்துக்கொண்டார்கள். எல்லாம் கையால் போட்ட கணக்கு. டிரைவர்களில் ஆண்டுக்கு ஆயிரத்துக்கு 2.7 பேருக்கு நோய் வந்திருந்தது. கண்டக்டர்களில் 1.9. அதோடு, கண்டக்டர்களுக்கு நோய் வந்தாலும் தாமதமாக வந்தது, வந்த வேகத்தில் ஆளைக் கொண்டுபோவதும் குறைவாக இருந்தது.

மாரிஸ் உடனே கத்தவில்லை. எனக்கு அவரிடம் மிகவும் பிடித்தது இந்த இடம்தான். டிராஃபிக்கில் வண்டி ஓட்டுகிறவனுக்கு டென்ஷன் அதிகம், அதனால்கூட இருக்கலாமே? பஸ்ஸே இல்லாத ஒரு இடத்தில் இதே கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும். அஞ்சல் துறைக்குப் போனார். சைக்கிளிலும் நடையிலும் கடிதம் கொண்டுபோகும் தபால்காரர்கள் ஒரு பக்கம். அதே துறையில் உட்கார்ந்து வேலைபார்க்கும் எழுத்தர்களும் டெலிஃபோன் ஆபரேட்டர்களும் இன்னொரு பக்கம். அங்கேயும் அதே கதை. அதற்குப் பிறகுதான், 1953 நவம்பரில், ‘லான்செட்’ இதழில் கட்டுரை வந்தது. பெரும்பாலான மருத்துவர்கள் நம்பவில்லை. இதயத்துக்கும் காலுக்கும் என்ன சம்பந்தம்?

(சென்னை பஸ்ஸில் மாரிஸ் ஏறியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசிப்பேன். நம்ம கண்டக்டர் பின்படிக்குப் பக்கத்து சீட்டைவிட்டு அசையமாட்டார். காசு முன்னாலிருந்து பத்துக் கை மாறி அவரிடம் போகும், டிக்கெட்டும் மீதிச் சில்லறையும் அதே பத்துக் கை வழியாகத் திரும்பி வரும். ஆய்வு படுத்திருக்கும். ஆனால் அந்தப் பத்துக் கைகளும் கூலி வாங்காமல் வேலை பார்க்கின்றன என்பதைக் கவனித்துவைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வருகிறேன்.)

*

மாரிஸின் கட்டுரைக்கு எதிராக ஒரு கேள்வி எழுந்தது. நியாயமான கேள்வி. படி ஏறியதால் கண்டக்டர் ஆரோக்கியமாக இருந்தாரா, இல்லை ஆரோக்கியமாக இருக்கிறவர்கள்தான் கண்டக்டர் வேலைக்குப் போனார்களா? கொஞ்சம் கனத்த உடம்புக்காரர் உட்கார்ந்து செய்கிற வேலையைத் தேடிப் போவது இயல்புதானே.

இதற்குப் பதில் தேட மாரிஸின் குழு கண்டுபிடித்த வழியை நினைத்தால் இன்றும் சிரிப்பு வரும். லண்டன் போக்குவரத்து நிறுவனம் ஊழியர்களுக்குச் சீருடை தைத்துக் கொடுத்தது. அதற்கு அளவெடுத்து எழுதிவைத்திருந்தார்கள். அந்த பேன்ட் இடுப்பளவுகள் ஆய்வுக்கு வந்தன. 1956இல் வெளியான கட்டுரையின் துணைத்தலைப்பே ‘சீருடைகளின் நோய்ப்பரவலியல்’ என்ற பொருளில் இருக்கும். முடிவு சங்கடமானது. இளம் வயதிலேயே டிரைவர்களின் இடுப்பு பெரிதாக இருந்தது. அதாவது வேலையில் சேரும்போதே இரண்டு கூட்டமும் ஒன்றில்லை. தன் ஆய்வின் பலவீனத்தைத் தானே அச்சில் போட்டார் மாரிஸ். ஆனால் அதே பேன்ட் அளவுகள் இன்னொன்றையும் காட்டின. ஒல்லி, நடுத்தரம், தொந்தி என்று எந்த அளவை எடுத்துக்கொண்டாலும், ஒரே இடுப்பளவுள்ள டிரைவரைவிடக் கண்டக்டருக்குத் திடீர் மரணம் குறைவு. உடல்வாகு கொஞ்சம் விளக்கியது. மிச்சத்தைப் படிதான் விளக்க வேண்டியிருந்தது.

இந்த பேன்ட் பிரச்சினையை ஒரு சாவிபோலக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். நல்ல பழக்கம் எதைப் பற்றிய செய்தி வந்தாலும் இதைக் கேட்கலாம்: பழக்கம் ஆளை மாற்றியதா, ஏற்கெனவே அப்படிப்பட்ட ஆள்தான் அந்தப் பழக்கத்துக்குப் போனாரா?

பிரச்சினையைத் தாண்ட ஒரு வழி உண்டு. ஒருவரை இன்னொருவரோடு ஒப்பிடாமல் அவரையே அவரோடு ஒப்பிடுவது. 1966இல் அமெரிக்காவின் டல்லஸ் நகரில் அதைச் செய்தார்கள். இருபது வயதையொட்டிய ஐந்து இளைஞர்கள் முன்வந்தார்கள். அவர்கள் செய்ய வேண்டியது ஒன்றுதான். மூன்று வாரம் படுத்தே கிடக்க வேண்டும். கேட்க சொகுசாக இருக்கும். மூன்று வார முடிவில், உச்சகட்ட உழைப்பின்போது அவர்கள் உடல் பயன்படுத்தக்கூடிய ஆக்சிஜனின் அளவு சுமார் 27 சதவீதம் இறங்கியிருந்தது. இதயமே அளவில் சுருங்கியிருந்தது. இதயமும் ஒரு தசைதான். வேலை கொடுத்தால் ஒரு துடிப்பில் அதிக ரத்தம் தள்ளக் கற்றுக்கொள்ளும். கொடுக்காவிட்டால் மறந்துவிடும், அதுவும் இவ்வளவு சீக்கிரம். பிறகு எட்டு வாரம் கடும் பயிற்சி தந்தார்கள். இழந்தது திரும்பியது, பழைய அளவையும் தாண்டியது.

முப்பது வருடம் கழித்து அதே ஐந்து பேரையும் தேடிப் பிடித்தார்கள். ஐவரும் ஒப்புக்கொண்டார்கள். இப்போது ஐம்பது வயது, உடல் கொழுப்பு இருமடங்கு. ஆனாலும் முப்பது வருட முதுமை அவர்களுடைய இதயத் திறனிலிருந்து எடுத்துக்கொண்டது அந்த மூன்று வாரப் படுக்கை எடுத்ததைவிடக் குறைவாகத்தான் இருந்தது. ஆறு மாதம் நடை, மெதுவோட்டம், சைக்கிள் என்று படிப்படியாகப் பயிற்சி. முப்பது வருடத்தில் போனது திரும்பிவந்தது. இருபது வயதில் பயிற்சிக்குப் பின் எட்டிய உச்சம் மட்டும் யாருக்கும் திரும்பக் கிடைக்கவில்லை.

இருதய மருத்துவர்கள் நோயாளியைச் சீக்கிரம் எழுப்பி நடக்கவைப்பதற்கு இந்த ஆய்வும் ஒரு காரணம். நம் வீட்டில் யாருக்காவது மாரடைப்பு வந்து, இரண்டாம் நாளே நர்ஸ் வந்து “எழுந்து நில்லுங்க ஐயா” என்று சொல்கிறார் என்றால், அதற்குப் பின்னால் பெயர் தெரியாத ஐந்து பேர் படுத்துக் கிடந்த மூன்று வாரம் இருக்கிறது.

*

லண்டனுக்குத் திரும்பலாம். 1960களில் மாரிஸுக்கு ஒன்று புரிந்தது. வேலையிலிருந்து உடலுழைப்பு போய்க்கொண்டிருக்கிறது. எதிர்காலத்தில் எல்லோரும் டிரைவர்கள்தான். அப்படியானால் ஓய்வு நேரத்தில் செய்கிற பயிற்சி அந்தப் படிகளின் இடத்தை நிரப்புமா? நாற்காலியில் உட்கார்ந்து வேலைபார்க்கும் அரசு அலுவலர்கள் 16,882 பேரைத் தேர்ந்தெடுத்தார். முன்னறிவிப்பு இல்லாமல் ஒரு திங்கட்கிழமை காலை அவர்களிடம் படிவம் வரும். போன வெள்ளிக்கிழமையும் சனிக்கிழமையும் நிமிடம் நிமிடமாக என்ன செய்தீர்கள் என்று எழுத வேண்டும்.

1973இல் வந்த முடிவில் தெரிந்தது இது. மூச்சு வாங்கும் அளவுக்கு வேகமாக ஏதாவது செய்தவர்களுக்கு, நீச்சலோ வேகநடையோ எதுவானாலும், இதயநோய் அபாயம் மற்றவர்களில் பாதிக்கும் குறைவு. சும்மா தோட்டத்தில் நின்றுகொண்டிருந்தவர்களுக்குப் பெரிய பலன் தெரியவில்லை. (பின்னால் வந்த ஆய்வுகள் இதைத் திருத்தின. மிதமான நடையும் பயன் தருகிறது.) இதே கூட்டத்தைத் தொடர்ந்து கவனித்ததில் இன்னொரு செய்தியும் கிடைத்தது. இளமையில் பெரிய விளையாட்டு வீரராக இருந்து அப்புறம் விட்டுவிட்டவருக்கு எந்தப் பாதுகாப்பும் இல்லை. காலேஜில் கபடி ஆடினேன் என்பது இதயத்திடம் செல்லாது.

அதே 1973இல், இந்தக் கட்டுரை வந்து இரண்டு மாதத்துக்குள், மாரிஸின் நண்பர் ரிச்சர்ட் டிட்மஸ் இறந்துபோனார்.

டிட்மஸைப் பற்றிப் பேசத்தான் இவ்வளவு தூரம் வந்தேன். சிறு விவசாயியின் மகன். பதினான்கு வயதில் பள்ளிக்கூடத்தை விட்டு, ஒரு இன்சூரன்ஸ் கம்பெனியில் பதினாறு வருடம் குமாஸ்தா. பட்டம் கிடையாது. இன்சூரன்ஸ்காரர்களுக்குச் சாவுக் கணக்கு அத்துப்படி. யார் எந்த வயதில் சாகிறார்கள் என்ற பட்டியலைப் பார்த்துப் பார்த்து, வறுமைதான் ஆளைக் கொல்கிறது என்று 1938இல் ஒரு புத்தகம் எழுதினார். அது அவரையும் மாரிஸையும் சேர்த்துவைத்தது. போர் நடந்துகொண்டிருந்த வருடங்களில் இருவரும் சேர்ந்து, ஏழைக் குழந்தைகளின் இதய வால்வை அரித்துவிடும் ருமாட்டிக் நோய் பற்றி எழுதினார்கள். மாரிஸின் ஆய்வுப் பிரிவு தொடங்கியபோது டிட்மஸ் அங்கே இரண்டாம் இடத்தில் இருந்தார். 1950இல் லண்டன் பொருளியல் பள்ளி இந்தப் பட்டமில்லாத குமாஸ்தாவைப் பேராசிரியராக்கியது.

மாரிஸ் மனிதர்கள் ஏறும் படிகளை எண்ணிக்கொண்டிருந்தார். டிட்மஸ் மனிதர்கள் கொடுக்கும் ரத்தத்தை எண்ணினார். 1970இல் வந்த அவருடைய புத்தகம், தானம் என்கிற உறவைப் பற்றியது. பிரிட்டனில் ரத்ததானத்துக்குக் காசு கிடையாது. அந்த மரபு 1921இல் தெற்கு லண்டனில் தொடங்கியது. ஒரு மருத்துவமனை அவசரமாக ரத்தம் வேண்டும் என்று கேட்க, செஞ்சிலுவைச் சங்கக் கிளையின் செயலாளர் பெர்சி ஆலிவரும் வேறு சிலரும் கிளம்பிப் போனார்கள். அவர்களில் ஒரு நர்ஸின் ரத்தம் பொருந்தியது. அதன் பிறகு ஆலிவர் தன் வீட்டிலிருந்தே, எந்த நேரத்தில் போன் வந்தாலும் ஓடக்கூடிய கொடையாளர் பட்டியல் ஒன்றை மனைவியோடு சேர்ந்து நடத்தினார். அமெரிக்காவிலோ அப்போது ரத்தத்தின் கணிசமான பகுதி விலைக்கு வாங்கப்பட்டது. டிட்மஸ் இரண்டையும் ஒப்பிட்டார். காசு கொடுத்தால் காசு தேவைப்படுகிறவர் வருவார், தன் நோயை மறைக்க அவருக்குக் காரணம் இருக்கும். விலைக்கு வந்த ரத்தத்தில் மஞ்சள் காமாலை அதிகம் பரவியது. தெரிந்தவனுக்கு என்றில்லாமல், யார் என்றே தெரியாத ஒருவனுக்குக் கொடுக்கும் வாய்ப்பை ஒரு சமூகம் தன் மக்களுக்கு அமைத்துத் தர வேண்டும் என்பது அவர் வாதம். வாய்ப்பே இல்லாவிட்டால் அந்தப் பழக்கம் தேய்ந்துபோகும்.

பொருளாதார நிபுணர்கள் சண்டைக்கு வந்தார்கள். கென்னத் ஆரோ விரிவாகவே மறுத்து எழுதினார். காசு வாங்குகிறவன் வாங்கட்டும், சும்மா கொடுக்கிறவன் கொடுக்கட்டும், ஒன்று இன்னொன்றை எப்படிக் கெடுக்கும் என்பது அவர் கேள்வி. அந்த விவாதம் இன்றும் முடியவில்லை. என் சாய்வு டிட்மஸ் பக்கம்தான். ஆனால் அவர் தானத்தை நினைத்துக் கொஞ்சம் அதிகமாகவே உருகுகிறார் என்றும் தோன்றும்.

*

கொடுப்பது கொடுப்பவர் உடம்புக்கு ஏதாவது செய்கிறதா? தன்னார்வப் பணி செய்கிற முதியவர்களுக்கு ரத்த அழுத்தம் குறைவு, ஆயுள் அதிகம் என்று பல ஆய்வுகள் சொல்கின்றன. உடனே சாவியை எடுக்க வேண்டும். பேன்ட் அளவு என்ன? நடமாட முடிகிறவர்தானே சேவைக்குப் போவார். படுக்கையில் கிடப்பவர் எப்படிப் போவார்?

கனடாவின் வான்கூவரில் இதைச் சோதித்தார்கள். 2013இல் வெளியான ஆய்வு. பத்தாம் வகுப்பு மாணவர்கள் 106 பேர். யார் எந்தப் பக்கம் என்று குலுக்கல் முறையில் பிரித்தார்கள். பாதிப் பேர் இரண்டு மாதம், வாரம் ஒரு முறை, தொடக்கப் பள்ளிக் குழந்தைகளுக்கு உதவப் போனார்கள். மீதிப் பேர் காத்திருந்தார்கள். முடிவில், உதவப் போனவர்களின் ரத்தத்தில் அழற்சியைக் காட்டும் ஒரு பொருளும் கொழுப்பும் காத்திருந்தவர்களைவிடக் குறைந்திருந்தன. உடல் எடைக் குறியீடும்தான். சின்ன ஆய்வு. 106 பேரை வைத்துக்கொண்டு உலகத்துக்குச் சட்டம் போட முடியாது. ஆனால் இதில் ஆரோக்கியமானவன் தானாகப் போய்ச் சேர்ந்தான் என்று சொல்ல முடியாது. குலுக்கல் அதைத் தடுத்துவிட்டது.

இந்த ஆய்வைப் படித்தபோது எனக்குச் சந்தோஷத்தைவிட ஒரு சங்கடம்தான் அதிகம் வந்தது. இதயத்துக்கு நல்லது என்பதற்காகச் சேவைக்குப் போனால், அது டிட்மஸ் சொன்ன தானமா, இல்லை வேறு நாணயத்தில் கூலி வாங்குகிற வேலையா? மருத்துவர் சீட்டில் ‘சேவை, வாரம் இரண்டு மணி நேரம், உணவுக்குப் பின்’ என்று எழுதிக் கொடுத்தால் எப்படி இருக்கும்? டிட்மஸ் உயிரோடு இருந்திருந்தால் ரொம்பவும் அலட்டிக்கொண்டிருக்க மாட்டார் என்று நினைக்கிறேன். கலப்படமே இல்லாத தானம் என்று எதுவும் இல்லை என்பதை அவரே ஒப்புக்கொண்டவர். கண்டக்டரும் இதயத்துக்காகப் படி ஏறவில்லை. டிக்கெட் கொடுக்க ஏறினார். வேலை அவரை ஏற்றியது. அவர் சம்பளத்தில் சேராத ஒரு கொடையாக அவருக்கே தெரியாமல் அது கிடைத்தது.

அந்த வேலைதான் போய்விட்டது. டிரைவரே காசு வாங்கும் பஸ்கள் வந்தன. பின்பக்கம் திறந்த படியுள்ள பழைய சிவப்பு ரூட்மாஸ்டர் பஸ் 2005 டிசம்பர் 9 அன்று, 159ஆம் வழித்தடத்தில், வழக்கமான சேவையிலிருந்து கடைசியாக விடைபெற்றது. வேடிக்கை பார்க்கத் தெருவெல்லாம் கூட்டம். மாரிஸுக்கு அப்போது 95 வயது. ஓய்வு என்ற பேச்சே இல்லை. ஐந்து வருடத்துக்கு முன்புதான், ஒரு இளைஞன் ஆரோக்கியமாக வாழக் குறைந்தபட்சம் வாரம் எவ்வளவு பணம் வேண்டும் என்று கணக்குப் போட்டு வெளியிட்டிருந்தார். சாப்பாடு, வீட்டோடு உடற்பயிற்சிக்கு ஆகும் செலவையும், நாலு பேரோடு பழக ஆகும் செலவையும் அதில் சேர்த்திருந்தார். அன்றைய குறைந்தபட்சக் கூலி அதற்குப் போதவில்லை. தினம் நட, ஓடு என்று இளைஞனிடம் சொல்வது எளிது, அதற்கு நேரமும் இடமும் ஷூவும் யார் தருவது என்பது அவர் கவலை. 2009 அக்டோபரில், நூறு வயதுக்கு ஆறு மாதம் இருக்கும்போது இறந்தார்.

ரூட்மாஸ்டர் போவதற்கு ஒரு வருடம் முன்பு, 2004 அக்டோபர் 2, சனிக்கிழமை காலை. லண்டனின் தென்மேற்கு ஓரத்தில் புஷி பார்க். காலில் காயம்பட்டு ஓட முடியாமல் இருந்த பால் சின்டன்-ஹெவிட், நண்பர்களை ஓடவைத்து நேரம் குறிக்கலாம் என்று கூப்பிட்டிருந்தார். 5 கிலோமீட்டர். கட்டணம் இல்லை. ஓட வந்தவர்கள் 13 பேர். சும்மா நின்று உதவ வந்தவர்கள் 5 பேர். அடுத்த வாரமும் வந்தார்கள், அதற்கடுத்த வாரமும். இன்று ‘பார்க்ரன்’ என்ற பெயரில் இருபதுக்கும் மேற்பட்ட நாடுகளில் சனிக்கிழமை தவறாமல் நடக்கிறது. 2018இல் பிரிட்டனின் குடும்ப மருத்துவர்கள் அமைப்பு இதனுடன் கைகோத்தது. அங்குள்ள மருத்துவமனைகள் பக்கத்துப் பூங்கா ஓட்டத்துக்கு நோயாளிகளை அனுப்புகின்றன. ஓட முடியாவிட்டால் நடக்கலாம், நடக்கவும் முடியாவிட்டால் உதவியாளராகப் போய் நிற்கலாம்.

முன்னால் சொன்ன அந்தப் பத்துக் கைகள் இங்கே வேறு வேலை பார்க்கின்றன. ஒருவர் ஸ்டாப்வாட்ச் பிடிக்கிறார், ஒருவர் திருப்பத்தில் நின்று கை காட்டுகிறார், ஒருவர் முடித்தவர்களுக்கு வரிசை எண் கொடுக்கிறார். காலில் வலியிருக்கும் வாரம் உதவுகிறவர், அடுத்த வாரம் ஓடுகிறார். ஓடுகிறவர் இன்னொரு வாரம் மழையில் நிற்கிறார்.

ஒவ்வொரு ஓட்டத்திலும் ஒரு தன்னார்வலருக்கு ஒதுக்கப்பட்ட வேலை ஒன்று உண்டு. எல்லோருக்கும் பின்னால் நடந்து வருவது. எழுபது வயதுக்காரரோ, போன மாதம் ஸ்டென்ட் வைத்துக்கொண்டவரோ, குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு வருகிற அம்மாவோ, யாராக இருந்தாலும் அவருக்கும் பின்னால் இவர் இருப்பார். பேச விரும்பினால் பேசிக்கொண்டே வருவார். பட்டியலில் கடைசிப் பெயர் எப்போதும் இவருடையது.